முதல் அமுக்கு

மேல்வீட்டிலிருந்து கூப்பிட்டு அந்த மணி அடித்து நாலு மாதம் ஆகியிருந்தது. பட்டறையில் வேறு யாரும் இதைக் கவனித்து வைத்திருக்கவில்லை. எண்ணிக்கையக்கா மட்டும் வைத்திருந்தாள். எண்ணுவதுதானே அவள் பிழைப்பு.

பத்தொன்பது வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளை சுவிட்ச். அதன் ஒரு பக்கம் குழாய் வழியாகக் காற்று நுழையும். உள்ளே ரப்பர் வளையம் மாட்டிய சின்ன பிஸ்டன் ஒன்று காற்று தள்ள முன்னால் போய், மறுமுனையில் மின்சாரத்தைச் சேர்த்துவிடும். காற்றை விட்டால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கே துரத்தும். அந்த ரப்பர் வளையம் காற்றை ஒழுகவும் விடக்கூடாது, பிஸ்டனைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. அதற்குத்தான் கிரீஸ். ஊசிமுனை அளவு கிரீஸ், அதில்தான் அத்தனை சூட்சுமமும் இருக்கிறது. எண்ணிக்கையக்கா ஒவ்வொரு சுவிட்சாகப் பெஞ்சில் மாட்டி, காற்றைத் திறந்து, எந்த அழுத்தத்தில் விளக்கு எரிகிறது என்று கேஜைப் பார்த்து நோட்டில் எழுதுவாள்.

பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. எழுதுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவிட்சையும் இரண்டு தடவை அமுக்கிவிட வேண்டும். அந்த இரண்டும் கணக்கில் சேராது. 'வாய் கொப்பளிக்கிறது' என்று அதற்குப் பெயர். தூங்கி எழுந்தவனிடம் வாய்கூடக் கொப்பளிக்க விடாமல் வம்பளந்தால் அவன் வள்ளென்றுதான் விழுவான், சுவிட்சும் அப்படித்தான் என்பார் முதலாளி. யார் ஆரம்பித்த பழக்கம் என்று யாருக்கும் தெரியாது. கொப்பளித்த பிறகு சுவிட்ச் ஒழுங்குமரியாதையாக நடந்துகொள்ளும், கேஜ் பன்னிரண்டைத் தொட்டதும் விளக்கு எரியும். எண்ணிக்கையக்கா கையில் வாய் கொப்பளிக்காமல் தப்பிய சுவிட்ச் ஒன்றுகூடக் கிடையாது.

பட்டறைக்கு மேல்தான் வீடு. பதினேழு இரும்புப் படி. ஏறினால் ஒரு அறை, சமையலுக்கு ஒரு மூலை, தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல், ஜன்னலோரம் கட்டில். கட்டிலில் அவள் புருஷன். அவரைப் பட்டறையில் கடைசல்காரர் என்பார்கள். இருபத்தாறு வருஷம் கீழே லேத்தில் நின்று பித்தளை கடைந்தவர். லேத் ஓடினால் அவர் வாயும் ஓடும். முதலாளி நடப்பது, தும்முவது, போனில் பணிவாகப் பேசுவது எல்லாவற்றையும் செய்து காட்டி, முதலாளியையே சிரிக்க வைத்தவர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அளவுக் கருவி கையிலிருந்து நழுவியது. கையெல்லாம் எண்ணெய் என்றார். அப்புறம் டீ டம்ளர் நழுவியது. டாக்டர் சொன்ன வியாதியின் பெயர் ஒரு முழம் இருந்தது. நரம்பில்தான் கோளாறு, திருப்ப முடியாது என்பது மட்டும் இவர்களுக்குப் புரிந்தது. முதலில் கால், பிறகு கை, கடைசியில் நாக்கு. இப்போது ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கும். அதுவும் காதைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் கேட்கும்.

மணியை அவள்தான் செய்தாள். ரத்த அழுத்தம் பார்க்க டாக்டர் அமுக்குவாரே, அந்த மாதிரி ஒரு ரப்பர் பந்து அவர் உள்ளங்கையில். அதிலிருந்து மெல்லிய குழாய் ஜன்னல் வழியாகக் கீழே இறங்கி அவள் பெஞ்சுக்கு வரும். பெஞ்சில் ஒரு சுவிட்ச், பக்கத்தில் ஒரு மணி. சுவிட்சின் பித்தளை உடம்பு அவரே கடைந்து மிச்சமாகக் கிடந்த ஒன்று. வளையமும் கிரீஸும் இவள் போட்டது.

ஆரம்பத்தில் மணி அடித்த அடி கொஞ்சநஞ்சமல்ல. ஒரு நாள் இருபத்து மூன்று, ஒரு நாள் முப்பத்தொன்று. முகத்தில் ஈ உட்கார்ந்தால் மணி. வெயில் கண்ணில் விழுந்தால் மணி. எதிர்வீட்டுக்காரி துணி உலர்த்தும்போது கயிறு அறுந்து விழுந்தால் அதைக் காட்டவும் மணி. படியேறிப் படியேறி அவளுக்கு முழங்கால் விட்டுப்போகும். ஆனாலும் மணி அடித்ததும், பொட்டலம் கட்டும் ரேடியோ என்ற பெண், "போங்கக்கா, மாப்பிள்ளை கூப்பிடுறாரு" என்பாள். அவள் வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். எண்ணிக்கையக்காவும் அலுத்துக்கொண்டேதான் எழுந்து போவாள்.

ஒரு நாள் அவசர வேலை. பெஞ்சுக்குக் காற்று தரும் கம்ப்ரஸர் வேறு மக்கர் செய்துகொண்டிருந்தது. ஒரே மணி நேரத்தில் நாலு தடவை மணி அடித்தது. நாலாவது தடவை மூச்சிரைக்க மேலே போய், என்ன வேணும் என்று கேட்டாள். அவர் உதட்டைக் குவித்து, கண்ணில் பழைய குறும்போடு, "சு... ம்மா" என்றார்.

அவளுக்குச் சுரீரென்று வந்துவிட்டது. "சும்மா சும்மா அமுக்குனா எப்படிங்க? கீழ எனக்கு வேற வேலை இல்லையா? நெசமாவே ஏதாவது வேணும்னா மட்டும் அமுக்குங்க, புண்ணியமாப் போகும்."

அவர் சரி என்று கண்ணை மூடித் திறந்தார். மறுநாள் ஆறு தடவை அடித்தது. அதற்கு மறுநாள் இரண்டு. அப்புறம் ஒரு நாள் அடிக்கவே இல்லை. அப்புறம் நின்றேவிட்டது.

முதல் வாரம் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். இரண்டாவது வாரம் காது தானாக மணிப் பக்கம் போக ஆரம்பித்தது. பதினோரு மணி, ஒரு மணி, நாலு மணி என்று அவளாகவே மேலே போய் வந்தாள். கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டும்போது, "ஒண்ணும் வேண்டாமா? கூப்பிடவே இல்லையே?" என்று கேட்பாள். அவர் ஒரு நிமிஷம் அவளையே பார்ப்பார். பிறகு முகம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும். கோபம் போலிருக்கிறது, எத்தனை நாளைக்கு இருக்கும், இருக்கட்டும் என்று அவளும் கரண்டியைக் கழுவி வைப்பாள்.

ஒரு நாள் ஜன்னல் வழியாக அடித்த சாரலில் போர்வையெல்லாம் நனைந்து, குளிரில் உடம்பு வெடவெடவென்று நடுங்கக் கிடந்தார். வெளியே அடைமழை. அவள் துணியை மாற்றிக்கொண்டே திட்டினாள். "இந்தப் பிடிவாதம் எதுக்கு? ஒரு தடவை அமுக்கியிருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா?" அவர் கண்ணில் நீர் நின்றது. குளிர் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறை கிடையாது, கம்ப்ரஸர் சத்தம் இல்லை. அன்று அவரிடமிருந்து பந்தை வாங்கி அவளே இரண்டு தடவை நன்றாக அமுக்கிப் பார்ப்பாள். கீழே மணி கணீரென்று அடிப்பது மேலே கேட்கும். "மணி நல்லாத்தான் இருக்கு" என்று பந்தை அவர் கையில் திரும்ப வைப்பாள். மணி நன்றாக இருக்கிறது, மனுஷன் மனசுதான் நன்றாக இல்லை என்று முடிவு கட்டியாயிற்று. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஆறு நாள், பத்து மணி நேரம், இரண்டு பேரும் பதினேழு படி இடைவெளியில் ஆளுக்கொரு பக்கம் தனியாகக் கிடந்தார்கள்.

இந்த நிலைமையில்தான் அறுநூறு சுவிட்ச் திரும்பி வந்தது.

நூல் ஆலைகளுக்கு இயந்திரம் செய்யும் கம்பெனிக்குப் போன சரக்கு. சுவிட்ச் சரியாக வேலை செய்வதில்லை என்று இரண்டு வரி எழுதியிருந்தார்கள். எண்ணிக்கையக்கா ஐம்பதை எடுத்து வாய் கொப்பளிக்க வைத்து அமுக்கினாள். ஐம்பதும் பன்னிரண்டில் எரிந்தது. முதலாளி துள்ளிக் குதித்து, சரக்கைத் திருப்பி அனுப்பினார். ஒரு வாரத்தில் அதே பெட்டிகள் அதே கயிறோடு மறுபடி வந்து இறங்கின. இந்தத் தடவை கடிதம் கொஞ்சம் நீளம்.

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். "லீவு முடிஞ்சு வந்து மொதல் தடவை அமுக்குனா வேலை செய்யலையாம். திரும்பத் திரும்ப அமுக்குனா அப்புறம் நல்லா ஓடுதாம். பத்து நாள்ல பதில் வேணுமாம், இல்லேன்னா வேற எடம் பாத்துக்குவாங்களாம். ஏம்மா, மொதல் அமுக்கை எவன்மா பாத்துக்கிட்டிருப்பான்?"

"நாம பாக்குறதில்லைண்ணே" என்றாள் எண்ணிக்கையக்கா.

"பாக்கத் தேவையில்ல. அது வாய் கொப்பளிக்கிறதுல்ல."

"அவங்க ஆலையில யாருண்ணே கொப்பளிக்க வெக்கிறாங்க?"

முதலாளி கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு கடிதத்தை மறுபடி படித்தார். ரேடியோ, "அதானே" என்றாள்.

அலமாரியில் இரண்டு டப்பா இருந்தது. ஒன்று மஞ்சள் கிரீஸ், கெட்டி, விரலில் ஒட்டினால் சோப்புப் போட்டாலும் போகாது. மற்றது வெள்ளை, இளக்கம், சிலிக்கான் சேர்ந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த இரண்டில் எது என்று கேள்வி வந்தபோது, இரண்டையும் இயந்திரத்தில் போட்டு இரவு பகலாக ஓடவிட்டு எண்ணியது அவள்தான். வெள்ளை இரண்டு லட்சம் அமுக்கில் ஒழுக ஆரம்பித்தது. மஞ்சள் ஐந்து லட்சம் தாங்கியது. மஞ்சளே போடலாம் என்று அவள் எழுதிக்கொடுத்த காகிதத்தை முதலாளி இன்னும் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். வந்தவர் போனவருக்கெல்லாம் அதைக் காட்டுவார். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

வியாழக்கிழமை சாயங்காலம் மஞ்சள் போட்டதில் பத்து, வெள்ளை போட்டதில் பத்து, புதிதாகச் சேர்த்து, ஓடவிட்டு, பிறகு ஒரு தட்டில் வைத்து மூடினாள். திங்கட்கிழமை வரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

"தொட்டா என்னக்கா பண்ணும்?" என்றாள் ரேடியோ.

"தொடாம விட்டா என்ன பண்ணுதுன்னு பாக்கணும்டி."

திங்கட்கிழமை காலையில் வானம் மூடிக்கிடந்தது. பட்டறைக்குள் விளக்குப் போட்டுத்தான் வேலை. முதலாளி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எண்ணிக்கையக்கா ஒரு வெள்ளையை மாட்டினாள். பழக்க தோஷத்தில் கை கொப்பளிக்க வைக்கப் போனது, இழுத்துக்கொண்டாள். காற்றை மெல்லத் திறந்தாள். பதின்மூன்றில் விளக்கு எரிந்தது. பத்து வெள்ளையும் பன்னிரண்டு, பதின்மூன்று, மிஞ்சிப்போனால் பதினான்கு.

பிறகு மஞ்சள். காற்றைத் திறந்தாள். முள் பன்னிரண்டைத் தாண்டியது. பதினாறு. இருபது. விளக்கு எரியவில்லை. இருபத்தைந்து. ரேடியோ பொட்டலத்தை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். இருபத்தெட்டில் உள்ளே டக்கென்று ஒரு சத்தம் கேட்டு விளக்கு எரிந்தது. அதே சுவிட்சை இரண்டாவது தடவை அமுக்கினாள். பன்னிரண்டு. ஒன்றுமே நடக்காத மாதிரி பன்னிரண்டு.

"ஏம்மா இப்படிப் பண்ணுது?" என்றார் முதலாளி.

"ஆடாம அசையாம ஒரே எடத்துல கெடக்குதுல்லண்ணே. ரப்பர் பித்தளையை அழுத்திக்கிட்டே இருக்கு. கெட்டி கிரீஸ் நடுவுலேருந்து பிதுங்கி ரெண்டு பக்கமும் ஒதுங்கிடுது. அப்புறம் ரப்பரும் பித்தளையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. பிச்சு எடுக்குறதுக்குத்தான் அத்தனை பலம் வேணும். ஒரு தடவை பிச்சுட்டா கிரீஸ் திரும்ப உள்ள வந்துடும்."

"அஞ்சு லட்சம் தாங்கும்னு நீதானம்மா எழுதிக் குடுத்த?"

"நான்தாண்ணே எழுதிக் குடுத்தேன். ஓடிக்கிட்டே இருந்தா அஞ்சு லட்சம் தாங்கும். சும்மா கெடந்தா ஒண்ணுக்கே..."

அவள் கண் பெஞ்சின் ஓரத்தில் இருந்த மணியில் போய் நின்றது. முதலாளி ஏதோ கேட்டார், வெள்ளை கிரீஸ் பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாது என்பார்களே, ஆலையில் பெயின்ட் வேலை இல்லைதானே என்று. அவள் காதில் விழவில்லை. மணிக்குப் போன சுவிட்சிலிருந்து மேலே போகும் குழாயைப் பிடுங்கினாள். பெஞ்சுக் காற்றைச் சொருகினாள். நேற்று மதியம் அவள் அமுக்கிச் சரிபார்த்து, கணீரென்று அடித்த மணி. காற்றைத் திறந்தாள்.

பன்னிரண்டு. பதினாறு. இருபது. இருபத்திநாலில் மணி அடித்தது.

"அக்கா, மாப்பிள்ளை கூப்பிடுறாரு" என்று ரேடியோ வாய் தவறிச் சொல்லிவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

எண்ணிக்கையக்கா கேஜ் ஒன்றைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினாள். அவர் விழித்துக்கொண்டுதான் கிடந்தார். ஜன்னலில் தூறல் விழ ஆரம்பித்திருந்தது. பந்திலிருந்து குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் கேஜை மாட்டி, பந்தை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒரு தடவை அமுக்குங்க. எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

அவர் அவளைப் பார்த்தார். அமுக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது, விரல்கள் பந்தில் பாதிதான் பதிந்தன. முள் ஏறிப் பதினெட்டில் நின்று நடுங்கி இறங்கியது. பதினெட்டு. பன்னிரண்டுக்கு மேலே. இருபத்திநாலுக்குக் கீழே. பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் எண்களை எழுதியவள் அந்த ஒரு எண்ணைப் பார்க்க முடியாமல் கேஜைக் கவிழ்த்து வைத்தாள்.

"நீங்க... அமுக்கிக்கிட்டுத்தான் இருந்தீங்களா?"

அவர் கண் கவிழ்த்து வைத்த கேஜுக்குப் போனது.

"சொல்லுங்க. அமுக்குனீங்களா? எத்தனை தடவை?"

அவர் வாய் கோணியது. அவள் காதைக் கொண்டுபோனாள். வெகுநேரம் மூச்சு மட்டும் வந்தது. பிறகு ஒரு சொல் வந்தது.

"தெ... னம்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாலு மாதம். ஒவ்வொரு நாளும் இந்த மனுஷன் கூப்பிட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவளே அமுக்கி, மணி நன்றாக இருக்கிறது என்று இவர் காதுபடச் சொல்லியும் இருக்கிறாள். மற்ற நாளில் கம்ப்ரஸர் இரைச்சலில் கீழே மணி அடிக்கிறதா என்று மேலே எங்கே கேட்கும்? மணி அடித்தும் இவள் வரவில்லை என்றுதானே நினைத்திருப்பார்? அதோடு விட்டாளா? கஞ்சி ஊட்டிக்கொண்டே, கூப்பிடவே இல்லையே என்று குத்திக்காட்டினாள். மழையில் நனைந்து நடுங்கினவரைப் பிடிவாதம் என்றாள். ஓயாமல் அமுக்கிக்கொண்டிருந்த வரைக்கும் சுவிட்ச் ஒட்டவில்லை. சும்மா அமுக்காதே என்று இவள் சொன்ன பிறகுதான் அது சும்மா கிடந்து ஒட்டிக்கொண்டது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

கீழே போய் சுவிட்சைக் கழற்றி, மஞ்சளும் வெள்ளையும் துணியும் எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் கண்ணெதிரிலேயே பிரித்தாள். மஞ்சள் பிதுங்கி ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது, நடுவில் பித்தளை வறண்டு பளபளத்தது. நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். கம்பெனிக்காரர் கடிதம், பத்து மஞ்சள், பத்து வெள்ளை, இருபத்தெட்டு, இருபத்திநாலு. அவர் கவனமாகக் கேட்டார். முடிவில் அவர் கண் பித்தளை உடம்புக்குப் போனது. என்னவோ சொல்ல வந்தார். அவள் குனிந்தாள்.

"துளை... சரியா?"

"உங்க துளைக்கு என்ன? கண்ணாடி மாதிரி இருக்கு. கடைசல்ல ஒரு குத்தமும் இல்ல. எல்லாம் என் கிரீஸ்தான். என் வாயுந்தான்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். சமாதானமா, சலிப்பா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. பழைய கிரீஸைத் துடைத்து வெள்ளையை ஊசிமுனையில் எடுத்துத் தடவி, மறுபடி பூட்டி, கீழே கொண்டுபோய் மாட்டி, குழாயைச் சேர்த்துவிட்டு வந்து பந்தை அவர் கையில் வைத்தாள். "இனிமே சும்மாவே அமுக்குங்க" என்றாள். அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மணி அடிக்கவில்லை. அறுநூறு சுவிட்சையும் பிரித்து மஞ்சளைத் துடைத்து வெள்ளை போடும் வேலை ஆரம்பித்தது. முதலாளி சுவரிலிருந்த காகிதத்தை ஓசைப்படாமல் கிழித்துவிட்டு, நோட்டில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடச் சொன்னார். கட்டத்தின் தலையில் 'முதல் அமுக்கு' என்று எண்ணிக்கையக்கா எழுதினாள். வெள்ளை சீக்கிரம் தேயுமே என்று அவர் முனகியதற்கு, "ரெண்டு லட்சம் தடவைக்கு அப்புறம் தேயட்டும்ணே, மொதல் தடவை அடிக்கட்டும்" என்றாள்.

புதன்கிழமையும் மணி அடிக்கவில்லை. அவள் வழக்கம்போல் மேலே போனாள், ஊட்டினாள், துடைத்தாள், புரட்டிப் படுக்க வைத்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் கூப்பிடவும் இல்லை. முன்பாவது கோபம் என்று ஒரு சாக்கு இருந்தது. சுவிட்ச் ஒழுங்காக இருக்கிறது என்று தெரிந்த பிறகு வருகிற மௌனம் வேறு. அதை யார் தலையிலும் போட முடியவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆள் வராமல், கூப்பிடுவதையே விட்டுவிட்டவரை எந்த கிரீஸ் போட்டு அசைப்பது? சாயங்காலம் கையைக் கழுவும்போது ரேடியோ மெதுவாக, "நீங்களே அமுக்கிப் பாருங்களேன்க்கா, மறுபடி ஒட்டிக்கிச்சோ என்னவோ" என்றாள்.

"வேண்டாம்டி" என்றாள் எண்ணிக்கையக்கா. "அது அவரு அமுக்கவேண்டிய மணி."

வியாழக்கிழமை மழை விட்டு வெயில் வந்தது. நனைந்த தெருவிலிருந்து ஆவி கிளம்பியது. கம்ப்ரஸர் கத்திக்கொண்டிருந்தது. நானூற்றுப் பதினொன்றாவது சுவிட்சை மாட்டி, காற்றைத் திறந்து, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டில் விளக்கு எரிந்தது. கூடவே மணியும் அடித்தது.

ஒரே அடி. முதல் அமுக்கு.

சுவிட்ச் கையிலிருந்து உருண்டு எங்கோ ஓடியது. பதினேழு படியையும் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. வாசற்படியில் கால் இடித்துக்கொண்டு, கிரீஸ் கையோடு கட்டிலருகே போய் நின்றாள். மூச்சு இரைத்தது.

"என்னங்க? என்ன வேணும்? தண்ணியா? பெரட்டி விடணுமா?"

அவர் வாயைக் குவித்தார். அவள் குனிந்தாள். காதோரம் மூச்சு பட்டது.

"சு... ம்மா."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவர் கையைப் பந்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக்காரி மூன்று நாள் ஈரத்துணியை ஒவ்வொன்றாக உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கீழே கம்ப்ரஸர் நின்றது. முதலாளி படியடியில் வந்து நின்று கத்தினார்.

"ஏம்மா, என்னவாம்? ஏதாவது அவசரமா?"

"ஒண்ணுமில்லண்ணே" என்று அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "சும்மாதான் கூப்பிட்டாரு."